மணிக்குப் பத்து சென்ட்

2006 மார்ச்சில் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் இணையத்தில் ஒரு கடை திறந்தது. விற்ற சரக்கு கணினி நேரம். ஒரு ப்ராசசர் ஒரு மணி நேரம் உழைத்தால் ஒரு டாலர். பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் ஒரே விலை. அதே ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் தேதி, அதுவரை புத்தகக் கடை என்றே பெயர் வாங்கியிருந்த அமேசான், இசி2 என்ற சேவையைச் சோதனை முறையில் அறிவித்தது. அங்கே ஒரு கணினிக்கு மணிக்குப் பத்து சென்ட்தான்.

ஒரு டாலர் எங்கே, பத்து சென்ட் எங்கே என்று அன்று பலரும் வியந்தார்கள். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை. சன் கொடுத்த மணி நேரத்தில் வாடிக்கையாளர் தன் நிரலைக் கட்டி அனுப்பிவிட்டு, அது ஓடி முடிந்ததும் விடையை வாங்கிக்கொள்ள வேண்டும். கணினிக்குள் அவர் கால் வைக்க முடியாது. அமேசான் முழு லினக்ஸ் கணினியையே கையில் கொடுத்தது: 1.7 கிகாஹெர்ட்ஸ் சியான் ப்ராசசருக்கு ஈடான வேகம், 1.75 ஜிபி நினைவகம், 160 ஜிபி டிஸ்க், நொடிக்கு 250 மெகாபிட் இணைப்பு. இணையதளம் நடத்தலாம், கணக்குப் போடலாம், சும்மாவும் வைத்திருக்கலாம். ஆனால் கணினியைக் கைவிட்டால் டிஸ்கில் இருந்ததும் அதோடு போய்விடும். ஒன்று உழைப்புக்குக் கூலி, மற்றது இடத்துக்கு வாடகை. சன் நிறுவனத்தை 2010இல் ஆரக்கிள் வாங்கியது, கடை மூடப்பட்டது. அமேசானின் பத்து சென்ட் ஒரு தொழிலையே உருவாக்கியது.

இரு கடைகளும் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. வாங்கும் அந்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வேலை நடக்கும்? இந்தக் கேள்வி இருவரையும்விட அரை நூற்றாண்டு மூத்தது.

கணினி பிறந்த காலத்தில் அதை விலைக்கு வாங்கியவர்கள் குறைவு, வாடகைக்கு எடுத்தவர்களே அதிகம். 1959 அக்டோபரில் ஐபிஎம் அறிவித்த 1401 கணினியின் வாடகை மாதம் 2,500 டாலரில் தொடங்கியது. நடுத்தர நிறுவனங்களும் கணினி வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்ததே அந்த வாடகையால்தான். அடுத்த தலைமுறையான சிஸ்டம்/360 கணினிகளின் முகப்பில் இரண்டு ஓட்ட மீட்டர்கள் இருந்தன. ஒன்று வாடிக்கையாளரின் கணக்குக்கு, இன்னொன்று பழுது பார்க்க வரும் ஐபிஎம் பொறியாளரின் கணக்குக்கு. பொறியாளர் சாவியைப் போட்டுத் திருப்பினால் வாடிக்கையாளரின் மீட்டர் நின்று இவருடையது ஓடத் தொடங்கும். பழுது பார்க்கும் நேரத்துக்கு வாடகை கிடையாது என்ற நேர்மை அந்தச் சாவியில் இருந்தது. ஆனாலும் மீட்டர் அளந்தது நேரத்தை மட்டுமே. கணினி ஓடியதா என்பது அதற்குத் தெரியும்; உருப்படியாக என்ன செய்தது என்பது தெரியாது.

வாடகை முறைக்கு இன்னொரு முகமும் உண்டு. அதை இந்தியா நன்றாகவே பார்த்தது. வெளிநாடுகளில் ஓடி முடித்த பழைய கணினிகளைச் செப்பனிட்டு இங்கே கொண்டுவந்து ஐபிஎம் வாடகைக்கு விடுகிறது என்பது எழுபதுகளில் நாடாளுமன்றக் குழு வரை போன புகார். அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டப்படி இந்தியக் கிளையில் தன் பங்கைக் குறைக்க மறுத்து 1978இல் அந்த நிறுவனம் வெளியேறியது. பெயர்ப்பலகை ஒன்று, உள்ளே இருக்கும் இரும்பு வேறு என்ற அந்தக் குறை, இணையம் வழியே கணினியை வாடகைக்கு விடும் கிளவுட் காலத்திலும் அச்சு அசலாகத் திரும்ப வந்தது. அதைப் பின்னால் பார்ப்போம்.

வாங்குபவர்களுக்கு முதலில் கிடைத்த வழிகாட்டி ஒரு விதி. 1953இல் ஹெர்பர்ட் கிராஷ் சொன்னது: கணினிக்கு இரு மடங்கு செலவழித்தால் நான்கு மடங்கு வேலை கிடைக்கும். அதாவது சிறிய கணினி நான்கு வாங்குவதைவிடப் பெரிய கணினி ஒன்று வாங்குவது லாபம். கென்னத் நைட் 1966இல் அதுவரை வந்த கணினிகளை வரிசைப்படுத்தி ஆராய்ந்தபோது விதி ஏறத்தாழ சரியாகவே இருந்தது. பெரிய கணினி ஒன்றைப் பலர் பங்குபோட்டுக்கொண்டால் எல்லாருக்கும் மலிவு என்ற எண்ணத்துக்குக் கணக்குப் பலம் இங்கிருந்துதான் வந்தது. 1961இல் எம்ஐடியின் நூற்றாண்டு விழா உரையில் ஜான் மெக்கார்த்தி, தொலைபேசியைப் போலக் கணினிச் சேவையும் ஒருநாள் பொதுப் பயன்பாட்டுக்கு வரலாம் என்றார். 1964 மே 1ஆம் தேதி விடியற்காலை நான்கு மணிக்கு டார்ட்மவுத் கல்லூரியில் ஒரே கணினியில் இரண்டு முனையங்களிலிருந்து, பேசிக் என்ற மொழியில் எழுதிய நிரல்கள் ஓடின. கணினி ஜெனரல் எலக்ட்ரிக்குடையது. அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் இதை வியாபாரமாக்கியது. டைம் ஷேரிங் என்ற பெயரில் அறுபதுகளின் இறுதிக்குள் பல நிறுவனங்கள் களமிறங்கின.

டைம் ஷேரிங் பில்லில் வழக்கமாக மூன்று கணக்கு இருக்கும். தொலைபேசியில் இணைந்திருந்த நேரம், ப்ராசசர் உழைத்த நொடிகள், டிஸ்கில் வைத்திருக்கும் கோப்புகள். இதில் முதல் கணக்கில் ஒரு சூட்சுமம் இருந்தது. பகல் பொழுதில் கூட்டம் அதிகமானால் எல்லாருக்கும் பதில் வரத் தாமதமாகும். தாமதமானால் இணைந்திருக்கும் நேரம் கூடும். கூடினால் பில்லும் ஏறும். விற்றவர் இடம் தாங்காத அளவுக்கு ஆளைச் சேர்த்ததற்கு வாங்கியவர் கூடுதலாகப் பணம் கட்டினார்.

எண்பதுகளில் மேசைக் கணினி வந்து இந்த வியாபாரத்தைச் சாய்த்தது. மைக்ரோப்ராசசர் கிராஷின் விதியைத் தலைகீழாக்கியது. சிறியதுதான் மலிவு என்றானது.

இதற்கிடையே அளவுகோல் தேடும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. ஐபிஎம்மின் ஜாக் கிப்சன் 1959இல், நிஜமான நிரல்களில் கூட்டல் எத்தனை சதவீதம், பெருக்கல் எத்தனை சதவீதம் என்று எண்ணிப் பார்த்து ஒரு கலவையை உருவாக்கினார். 1972இல் பிரிட்டனில் அரசு வாங்கும் கணினிகளை எடைபோடும் பிரிவில் இருந்த ஹரால்டு கர்னோ, நேஷனல் பிசிக்கல் லேபரட்டரியின் பிரையன் விச்மன் திரட்டிய புள்ளிவிவரங்களை வைத்து வெட்ஸ்டோன் என்ற சோதனை நிரலை எழுதினார். கவனிக்க வேண்டியது இது: வெட்ஸ்டோன் பிறந்தது விற்பவரின் விளம்பரத் துறையில் அல்ல, வாங்குபவரின் மேசையில். அதனால் அது நேர்மையாக இருக்க முயன்றது. விற்பவர்கள் கையில் போன அளவுகோல்களின் கதை வேறு. டெக் நிறுவனம் 1977இல் கொண்டுவந்த வாக்ஸ் 11/780 ‘ஒரு மிப்ஸ்’ கணினி, அதாவது நொடிக்குப் பத்து லட்சம் கட்டளைகளை நிறைவேற்றக் கூடியது என்று ஊரெங்கும் பேச்சு. உண்மையில் அது நிறைவேற்றியது ஏறத்தாழ ஐந்து லட்சம்தான். அப்படியும் பல ஆண்டுகள் மற்ற கணினிகளின் வேகம் அந்த வாக்ஸையே ஒன்று என்று வைத்துச் சொல்லப்பட்டது.

விலையையும் வேலையையும் ஒரே வரியில் எழுதியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியவர் ஜிம் கிரே. டாண்டம் நிறுவனத்தில் இருந்தவர். தரவுத்தளத் துறையில் அவர் பெயரைச் சொன்னால் எழுந்து நிற்பார்கள். 1985 ஏப்ரல் 1ஆம் தேதி டேட்டாமேஷன் இதழில் அவரும் இருபதுக்கும் மேற்பட்ட துறைசார்ந்தவர்களும் பெயர் போடாமல் ஒரு கட்டுரை எழுதினார்கள். முட்டாள்கள் தினத்தில் வந்தாலும் விஷயம் வேடிக்கை இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பெரிய வங்கி 1,000 கிளைகள், 10,000 காசாளர்கள், ஒரு கோடி வாடிக்கையாளர் கணக்குகள் ஆகியவற்றைக் கணினியில் ஏற்ற விரும்பி விலைப்புள்ளி கேட்டிருந்தது. அந்த வேலையையே கிரே சோதனையாக்கினார். காசாளர் பணத்தை வாங்குகிறார். கணக்கில் வரவு ஏறுகிறது. காசாளரின் இருப்பும் கிளையின் இருப்பும் மாறுகின்றன. பேரேட்டில் ஒரு வரி விழுகிறது. இதில் நூற்றுக்கு 95 பரிவர்த்தனை ஒரு நொடிக்குள் முடிய வேண்டும். இந்த நிபந்தனையோடு நொடிக்கு எத்தனை பரிவர்த்தனை ஓடுகிறது என்று முதலில் பார். பிறகு அந்த அமைப்பை ஐந்து ஆண்டு வைத்திருக்க ஆகும் செலவை அந்த எண்ணால் வகு. கிடைப்பதுதான் விலை.

இது எளிமையாகத் தெரிந்தாலும் பெரிய திருப்பம். அதுவரை வேகத்தைப் பற்றிப் பேசியவர்கள் விலையைப் பேசவில்லை. விலை பேசியவர்கள் தாமதத்தைப் பேசவில்லை. கிரேயின் கணக்கில் மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. வேகமாக ஓடுகிறது என்று காட்ட வரிசையில் ஆளை நிறுத்தினால் 95 சதவீத நிபந்தனை மாட்டிக்கொள்ளும். விலையுயர்ந்த இரும்பைக் கொண்டுவந்து கொட்டினால் வகுத்தல் காட்டிக்கொடுக்கும்.

கட்டுரை வந்ததும் ஆளாளுக்குத் தங்கள் வசதிக்கேற்ப விதியை வளைத்து எண்களை வெளியிடத் தொடங்கினார்கள். அந்தக் கூத்தை நிறுத்த ஓம்ரி செர்லின் 1988 ஆகஸ்டில் எட்டு நிறுவனங்களைக் கூட்டி டிபிசி என்ற மன்றத்தை அமைத்தார். முடிவை அறிவிக்கும் நிறுவனம் சோதித்த விதத்தையும், சோதித்த கணினியின் ஒவ்வொரு பாகத்தின் விலையையும், பராமரிப்புச் செலவையும் பக்கம் பக்கமாக வெளியிட்டாக வேண்டும். போட்டியாளர் அந்த அறிக்கையை எழுத்தெண்ணிப் படிப்பார். எதிரியைத் தணிக்கையாளர் ஆக்கிய ஏற்பாடு இது. அப்படியும் 1993இல் ஒரு பெரிய சச்சரவு. ஆரக்கிள் தன் தரவுத்தளத்தில் சேர்த்திருந்த ஒரு வசதி இந்தச் சோதனையில் மதிப்பெண் ஏற்றுவதற்கென்றே வைக்கப்பட்டது என்று ஸ்டாண்டிஷ் குழுமம் என்ற ஆலோசனை நிறுவனம் குற்றஞ்சாட்டியது. ஆரக்கிள் மறுத்தது. ஆனாலும் சோதனைக்கென்றே செய்யப்படும் சிறப்பு ஏற்பாடுகளுக்கு மன்றம் தடை விதித்தது. ஆரக்கிள் தன் பழைய முடிவுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இத்தனை பாடுபட்டுச் சேர்த்த அனுபவம் 2006இல் கிளவுட் வந்தபோது பாதி மறந்துபோயிற்று என்றே சொல்ல வேண்டும். அமேசானிடம் முதலில் இருந்தது ஒரே ரகம்; பின்னாளில் அதன் பெயர் எம்1 ஸ்மால். ஒப்பிட வேறு எதுவும் இல்லாததால் சிக்கலும் இல்லை. 2007 அக்டோபரில் 40 சென்டுக்கு ஒன்று, 80 சென்டுக்கு ஒன்று என இரண்டு பெரிய ரகங்கள் வந்ததும் வாடிக்கையாளர் கேட்டார்: நான்கு மடங்கு காசுக்கு எத்தனை மடங்கு வேலை? அமேசான் பதிலுக்கு ஓர் அலகையே உருவாக்கியது. இசியூ. 2007ஆம் ஆண்டின் ஆப்டரான் அல்லது சியான் ப்ராசசர் 1.0 முதல் 1.2 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடினால் என்ன வேலை செய்யுமோ அது ஓர் இசியூ. அடுத்து வந்த கூகுளுக்கு ஜிசிஇயூ. ஒரு கோருக்கு 2.75. மைக்ரோசாஃப்டுக்கு ஏசியூ, தன்னுடைய சிறிய ரகம் ஒன்றை 100 என்று வைத்து மற்றவற்றை அதோடு ஒப்பிட்டது. மளிகைக்கடைக்காரர் ஒவ்வொருவரும் தன் வீட்டுப் படியால் அரிசி அளந்து போட்டால், தெருவில் எந்தக் கடை மலிவு என்று எப்படிச் சொல்வது? மூன்று அலகுகளும் மூன்று கடைக்குள் மட்டுமே செல்லுபடியாயின.

அமேசானின் படி அதன் சொந்தக் கடைக்குள்ளும் சீராக இல்லை என்பது பிறகு தெரிந்தது. தரவு மையங்களில் புதுச் சர்வர்கள் வந்துகொண்டே இருந்தன. பழையவை ஓய்வு பெறவில்லை. பெயர் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்களின் குழு 2012இல் வெளியிட்ட கட்டுரை இதை அம்பலப்படுத்தியது. ஒரே ரகத்தை மீண்டும் மீண்டும் வாடகைக்கு எடுத்தபோது உள்ளே சிலவற்றில் ஏஎம்டி ஆப்டரான், சிலவற்றில் இன்டெல் சியானின் வெவ்வேறு தலைமுறைகள். வேகமான கணினிக்கும் மெதுவான கணினிக்கும் பொதுவாக 40 சதவீதம் வரை வித்தியாசம். சில வேலைகளில் 60 சதவீதத்தை நெருங்கியது. விலையில் மட்டும் வித்தியாசமே இல்லை.

விஷயம் தெரிந்தவர்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். கணினியைத் தொடங்கியதும் முதல் வேலையாக, ப்ராசசரின் பெயரைச் சொல்லும் லினக்ஸ் கோப்பைத் திறந்து பார்ப்பார்கள். புதிய சியான் என்றால் வேலையை ஏற்றுவார்கள். பழைய ஆப்டரான் என்றால் அப்படியே அணைத்துவிட்டு வேறொன்று கேட்பார்கள். அன்றைக்கு ஒரு நிமிடம் ஓடினாலும் முழு மணி நேரத்துக்குக் கட்டணம் உண்டு. எனவே ஒவ்வொரு தட்டிக்கழிப்புக்கும் ஒரு மணி நேர வாடகை போகும். மாதக்கணக்கில் ஓடப்போகும் சர்வருக்கு அந்தச் சில்லறை பெரிதில்லை. தெரிந்தவர் உதறிவிட்ட பழைய கணினி தெரியாதவர் தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதில் பக்கத்து வீட்டுத் தொல்லையும் உண்டு. ஒரே இரும்புப் பெட்டியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்வதால், ஒருவர் டிஸ்கைப் போட்டு உருட்டினால் மற்றவருக்குத் தாமதம். ஜெர்மனியின் சார்லாந்து பல்கலைக்கழகத்தினர் 2010இல் இசி2வின் வேகம் நேரத்துக்கு நேரம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அளந்து எழுதினார்கள். அதற்குப் பிறகு, ஒரு தடவை ஓட்டிப் பார்த்து வந்த எண்ணை நம்பி கிளவுட் ரகங்களை வரிசைப்படுத்துவதைக் கவனமானவர்கள் விட்டுவிட்டார்கள்.

2014 ஜூலையில் வந்த டி2 ரகம் ஒப்பீட்டை இன்னும் சிக்கலாக்கியது. டி2 மைக்ரோவுக்கு மணிக்கு 1.3 சென்ட். படு மலிவு. ஆனால் தொடர்ந்து கிடைப்பது ஒரு கோரின் பத்தில் ஒரு பங்கு வேகம்தான். மணிக்கு ஆறு கிரெடிட் சேரும். ஒரு கிரெடிட்டுக்கு ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடலாம். சேமிப்பு தீர்ந்தால் நடைவேகம். புதிதாகத் தொடங்கும்போது 30 கிரெடிட் இனாம். விளைவைப் பாருங்கள். பத்து நிமிடம் ஓடும் சோதனையை ஏவினால் டி2 மைக்ரோ தன் விலைக்கு அபாரமான மதிப்பெண் வாங்கும். அதையே இரண்டு மணி நேரம் ஓட்டினால் பாதி வழிக்கு முன்பே மூச்சு வாங்கும். அளவுகோல் பொய் சொல்லவில்லை. அளந்த நேரம் போதவில்லை.

விலைப் போட்டி என்று சொல்லத்தக்க ஒன்று நடந்தது அதே ஆண்டு மார்ச் கடைசியில். 25ஆம் தேதி கூகுளின் உர்ஸ் ஹோல்ஸில் மேடையேறி, கணினி இரும்பின் விலை ஆண்டுக்கு 20 முதல் 30 சதவீதம் இறங்குகிறது, கிளவுட் விலையோ 8 சதவீதம்தான் இறங்குகிறது என்று போட்டுடைத்தார். கூடவே தன் நிறுவனத்தின் கணினி வாடகையை 32 சதவீதம் குறைத்தார். மறுநாளே அமேசானும் குறைத்தது. மாதம் முடிவதற்குள் மைக்ரோசாஃப்டும். ஏப்ரலில் எம்1 ஸ்மால் மணிக்கு 4.4 சென்டுக்கு வந்து நின்றது. எட்டு ஆண்டில் பாதிக்கும் கீழே என்பது நல்ல செய்திதான். ஆனால் ஹோல்ஸிலின் கணக்கோடு வைத்துப் பார்த்தால் இரும்பின் விலை இறக்கத்தில் ஒரு பங்கு யார் பையில் தங்கியது என்பது புரியும்.

முழு மணி நேரக் கட்டணம் என்ற பழக்கம், ஐபிஎம் மீட்டர்களின் வாரிசு, 2017 அக்டோபர் 2ஆம் தேதி அமேசானில் முடிவுக்கு வந்தது. லினக்ஸ் கணினிகளுக்கு நொடிக் கணக்கு. குறைந்தது ஒரு நிமிடம். கூகுள் நிமிடக் கணக்குக்கு 2013லேயே போயிருந்தது.

இன்றைய விலைப்பட்டியலில் முன்னால் நிற்பது விசிபியூ என்ற சொல். அதுவும் ஒரே அளவு அல்ல. இன்டெல் ப்ராசசர் உள்ள ரகத்தில் ஒரு விசிபியூ என்பது பெரும்பாலும் ஒரு கோரின் இரு இழைகளில் ஒன்று. அமேசான் சொந்தமாக வடிவமைத்த கிராவிடான் ப்ராசசரில் அது ஒரு முழுக் கோர். 2020இல் கிராவிடான்2 ரகங்கள் விற்பனைக்கு வந்தபோது வர்ஜீனியாவில் எம்5 லார்ஜ் மணிக்கு 9.6 சென்ட், எம்6ஜி லார்ஜ் 7.7 சென்ட். இரண்டிலும் இரண்டு விசிபியூ, 8 ஜிபி நினைவகம் என்றே எழுதியிருக்கும். விலை குறைந்ததில் கோர் கூடுதல். ஆனால் அது ஆர்ம் வகை. இன்டெலுக்கென்று தொகுத்த மென்பொருளை மறுபடி தொகுத்தாக வேண்டும். அந்த வேலைக்கு ஆகும் பொறியாளர் சம்பளம் எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை. ஊருக்கு ஊர் விலையும் வேறு. அதே எம்5 லார்ஜ் மும்பையில் 10.1 சென்ட், பிரேசிலின் சாவ் பாவ்லோவில் 15.3. மைக்ரோசாஃப்ட் 2015இல் சென்னை, புனே, மும்பை என மூன்று இடங்களில் தரவு மையங்களைத் திறந்தது முதல், சென்னை நிறுவனங்களுக்கு உள்ளூரிலேயே சர்வர் எடுக்க வழியுண்டு. தூரத்து ஊரின் மலிவா, பக்கத்து ஊரின் விரைவா என்ற கணக்கைத் தன் வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தவர்தான் போட முடியும்.

கிரே 1985இல் கேட்டது போல, தன் சொந்த வேலையை ஓட்டி, தாமதத்துக்கு ஒரு வரம்பு வைத்து, மாத பில்லை முடிந்த வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பவர்களே இன்றும் இந்தச் சந்தையில் ஏமாறாமல் இருக்கிறார்கள். பில் என்றால் முழு பில். வெளியே இணையத்துக்குப் போகும் தரவுக்கு அமேசானின் வர்ஜீனியா மையத்தில் ஜிபிக்கு 9 சென்ட் வரை தனி. 2024 பிப்ரவரி 1 முதல் பொது ஐபிவி4 முகவரி ஒன்றுக்கு மணிக்கு அரை சென்ட் தனி. அந்த நிறுவனத்தின் மிகச் சிறிய கணினி ரகங்களில் ஒன்றான டி4ஜி நேனோவின் வாடகை வர்ஜீனியாவில் மணிக்கு 0.42 சென்ட். கணினியைவிட அதன் முகவரிக்கு வாடகை அதிகம்.